நிரந்தரத் தலைமுறைக்கு இருநூற்றைம்பத்தாறு

சோஹார் துறைமுகம், வெள்ளி பின்னிரவு இரண்டு மணி.
உள்ளே ஏசியில் விரல் விறைக்கிறது,
வெளியே கண்ணாடியில் ஆகஸ்ட் வழிகிறது.
ஜாவா எட்டைப் பதினேழாக மாற்றினேன்.
மாற்றியது எழவில்லை.

திரையில் இரண்டே வரி.
இப்படியோர் ஆப்ஷனை எனக்குத் தெரியாது.
எந்திரத்தை உருவாக்க முடியவில்லை.
வாசலில் காதில் விழுந்த ஒரு சொல்லுக்காக
காப்பி குடிக்காமல் திரும்பிப் போன
மாப்பிள்ளை வீட்டாரைப் போல.

யார்டில் நாற்பத்தொரு லாரிகள்,
ஒருவரும் இன்ஜினை அணைக்கவில்லை.
வாக்கிடாக்கியில் நாசிர் அல் பலூஷி:
"கம் தகீகா, மேடம்?"
ஐந்து நிமிடம் என்றேன்.
என் ஐந்து எவ்வளவு என்று அவருக்குத் தெரியும்.

தொடக்க ஸ்கிரிப்டைத் திறந்தால்
பத்தொன்பதாவது வரி:
ஹைஃபன், எக்ஸ் எக்ஸ், முக்காற்புள்ளி,
மேக்ஸ்பெர்ம்சைஸ் சமம் இருநூற்றைம்பத்தாறு எம்.
அதற்கு மேலே ஒரு குறிப்பு:
"இதத் தொட்டா செத்தீங்க. ரொசாரியோ."

ரொசாரியோவை நான் பார்த்ததில்லை.
இடிந்தகரைக்காரர் என்பார்கள்,
இப்போது கனடாவிலோ கத்தாரிலோ.
அவர் எழுதிய நாளில் அந்த வரி சரி.
அது இல்லாமல் எந்திரம்
நட்டநடுப் பகலில் நினைவு முட்டி விழுந்திருக்கும்.

ஏழாம் பதிப்பின் நினைவகத்தில்
'நிரந்தரத் தலைமுறை' என்று ஓர் அறை இருந்தது.
எட்டில் அதை இடித்துவிட்டார்கள்.
இடித்தவர்கள் நாகரிகம் தெரிந்தவர்கள்:
"இதற்கு இப்போது பொருளில்லை, விட்டுவிடுகிறேன்" என்று
பதிவேட்டில் முணுமுணுத்துவிட்டு
எட்டு தன் வேலையைப் பார்த்தது.
ஒவ்வொரு முறை எழும்போதும். ஆறு வருஷம்.
அந்தப் பதிவேட்டைப் படிக்கத்தான்
எனக்குச் சம்பளம்.

போன மாதம் ரெசிடென்ட் கார்டு புதுப்பித்தேன்.
படிவத்தில் 'நிரந்தர முகவரி'.
தக்கலையில் நாங்கள் விற்றுவிட்ட வீட்டின்
கதவெண்ணை எழுதினேன், வழக்கம்போல.
எந்தக் கவுண்டரும் இதுவரை
தெரியாது என்று சொன்னதில்லை.

குறுக்குவழி ஒன்று இருக்கிறது.
தெரியாததைக் கண்டுகொள்ளாதே என்று சொல்ல
அதற்கும் ஓர் ஆப்ஷன்.
போட்டால் எழுந்துவிடும், லாரி நகரும்.
நாளைக்கு எவனோ ஓர் எழுத்துப் பிழையோடு
உயிர்போகிற ஒன்றைக் கேட்பான்,
அதையும் சிரித்துக்கொண்டே விழுங்கிவிடும்.
குரைக்கத் தெரியாத நாயைக் காவலுக்குக் கட்டுவதா?

வரியை அழிக்கவும் வழியில்லை.
மூன்றாம் நம்பர் கிரேனின் பெட்டி இன்னும் ஏழில் ஓடுகிறது,
அதை விற்ற கம்பெனியே இப்போது இல்லை.
அதுவும் இதே ஸ்கிரிப்டைத்தான் வாசிக்கிறது.
அதற்கு அந்த அறை வேண்டும்.

இந்த ஊர் சூக்கில் நான்
ஆளைப் பார்க்காமல் வாயைத் திறப்பதில்லை.
மீன்காரருக்கு அரபி, பேக்கரியில் மலையாளம்,
சிட்டகாங் ரபிக்குலிடம் பாதி இந்தி, பாதி விரல்.
அதையே எழுதினேன்:
முதலில் கேள், நீ எத்தனையாம் பதிப்பு?
எட்டுக்குக் கீழே என்றால் மட்டும் அந்த வரியைச் சொல்,
மற்றவர்களிடம் பேசாமல் இரு.

எழுதி ஓட்டினால் கிரேன் விழுந்தது.
பழையது தன்னை ஒன்று புள்ளி ஏழு என்கிறது,
புதியது பதினேழு என்கிறது.
நான் புள்ளியைத் தட்டிவிட்டிருந்தேன்.
ஒரு புள்ளி போனதும் இரண்டுக்கும் ஒரே வயது.
அழுகை வரவில்லை, கொட்டாவி வந்தது.
புள்ளியைத் திருப்பி வைத்தேன்.

மூன்று பத்துக்கு இரண்டும் எழுந்தன.
"கலாஸ்?" என்றார் நாசிர்.
கலாஸ் என்றேன்.
ரொசாரியோவின் குறிப்பை அழிக்கவில்லை,
அதன் கீழே, ஏழு மட்டும், என்று சேர்த்தேன்.

முதல் லாரியின் பின்விளக்கு வாசலைத் தாண்டியது.
நான் பதிவேட்டைத் திறந்து
மேலிருந்து படிக்கத் தொடங்கினேன்.
நான்காவது வரியில் பதினேழு,
மிகவும் பணிவாக, வேறோர் ஆப்ஷனைப் பற்றி:
இது வருங்காலத்தில் நீக்கப்படலாம்.